ஸ்பிரிங்க மாத்தாதீங்க தம்பிமாரே, துவக்கத் துடைங்க

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

என்ட தங்கச்சிட மகனுக்கு மேல்வரிசையில ரெண்டு பல்லுப் போய் இண்டைக்கு 3 கிழமை. கன்னத்தில 7 தையல். சண்டையும் இல்ல, மோட்டார் சைக்கிள்ல விழவும் இல்ல. எயார் ரைபிள், அதாவது காத்தால சுடுற துவக்கு ஒண்ட வீட்டு விறாந்தையில வச்சு கழட்டப் போய்த்தான் இப்படி நடந்தது. இத எழுதுறதா வேண்டாமா எண்டு ரெண்டு மூண்டு நாள் யோசிச்சன், தங்கச்சியும் ஊர்ல கதை வரும் எழுத வேணாம் எண்டுதான் சொன்னா, ஆனா இந்த மாசத்தில மட்டும் நாலு பொடியனுகள் அதே வேலைய அதே மாதிரி செய்ய என்ட பட்டறைக்கு துவக்கக் கொண்டு வந்துட்டாங்க, இனி எழுதாம இருக்கிறது சரியில்ல.

நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம் வோட்டர் பம்ப், தெளிகருவி, சின்ன எஞ்சின் திருத்துற ஆள். 30 வருசத்துக்கு மேல இதுதான் தொழில். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால இருக்கிற படுவான்கரையில இருந்து வாற வேளாண்மைக்காரங்கதான் என்ட ஆக்கள். வெல்லாவெளி, தும்பங்கேணி, கொக்கட்டிச்சோலை, அங்கால கரடியனாறு வரைக்கும் இருந்து வருவாங்க. முந்தி பம்ப் மட்டும்தான் வரும். இப்ப அனுமதி எடுத்து எயார் ரைபிள் வச்சிருக்கிறவங்க அதையும் சாக்கில சுத்திக் கொண்டு வாறாங்க, அண்ணே இதுக்கு பவர் காணாது கொஞ்சம் ஏத்தித் தாங்க எண்டு.

அவங்கட கஷ்டம் எனக்கு விளங்காம இல்ல. சோளன் பொத்தி கட்டுற நேரம் குரங்குக் கூட்டம் இறங்கினா ஒரு காலமைக்குள்ள அரை ஏக்கர் போயிரும். திண்டுட்டுப் போனாலும் பரவாயில்ல, ஒரு கடி கடிச்சுட்டு மத்ததப் பிடுங்கும். தென்னையில குரும்பட்டியக்கூட விடுறதில்ல. 2025 மார்ச் 15ஆம் திகதி காலமை 8 மணியில இருந்து 5 நிமிசம் நாடு முழுக்க குரங்கு, மயில், அணில் எல்லாம் எண்ணச் சொன்னாங்களே, அண்டைக்கு நானும் மச்சான்ட வாடியில நிண்டு எண்ணினன், எண்ணி முடிக்கக்கு முந்தியே கூட்டம் அடுத்த வளவுக்குப் பாஞ்சிட்டு. அந்த வருசம் பெப்ரவரியில பாணந்துறையில ஒரு குரங்கு மின்சாரக் கிறிட்டில ஏறி நாடே இருண்டது எண்டு நியூஸ் வந்தா கொழும்பு ஆக்களுக்கு அது ஒரு நாள் கதை, நம்மட வட்டைக்காரனுக்கு அது தினம் நடக்கிற கதை. அதனால துவக்கு எதுக்குடா எண்டு நான் யாரையும் கேக்கப் போறதில்ல. அந்தத் துவக்க வீட்டில வச்சு என்ன செய்றாங்க எண்டதுதான் என்ட கதை.

மருமகன் செய்தத அப்படியே சொல்றன். துவக்கு அவன்ட பெரியப்பாட பேரில இருக்கு, குழாய மடிச்சு லோட் பண்ற சாதாரண ஸ்பிரிங் சாமான். ஒரு கடையில பவர் ஸ்பிரிங் எண்டு ஒண்ட வித்திருக்கிறாங்க, பழசவிட நீளம், கம்பியும் மொத்தம். அதப் போட்டான். அதுவும் காணாது எண்டு பின்னால மூண்டு வோசர் வச்சான். போதாக்குறைக்கு முன்னுக்கு ரெண்டு சொட்டு ஒயில் விட்டான், அப்படி விட்டா சத்தம் கூட வரும் எண்டு யாரோ போன்ல வீடியோ காட்டியிருக்கான். ரெண்டு நாள் நல்லா வெடிச்சது. படீர் எண்டு சத்தம், குழாய் வாயில புகை. மூண்டாம் நாள் குறி எங்கயோ போகுது. திருப்பிக் கழட்டினான். பின்பக்கத்து ஆணிய சுத்தியலால தட்டி எடுத்திருக்கான், துவக்க முழங்காலுக்கு இடையில வச்சுக்கொண்டு, முகம் நேர மேல.

உள்ளுக்க இருக்கிற ஸ்பிரிங் சும்மா இருக்கிற நேரமும் அமத்தித்தான் இருக்கும். லோட் பண்ணாட்டியும் அது ரெண்டு மூண்டு அங்குலம் ஒடுங்கித்தான் கிடக்கும், நீளமான ஸ்பிரிங்கும் வோசரும் போட்டா இன்னும் கூட. பிடிச்சிருக்கிற கடைசி ஆணி கழண்ட உடன இரும்பு மூடியும் ஸ்பிரிங்கும் ஒண்டாப் பாயும். அதுக்கெண்டு அமத்திப் பிடிக்கிற கிளாம்ப் இருக்கு. ஒரு பலகையில ரெண்டு கட்டை அடிச்சு நீட்டு போல்ட் ஒண்டப் போட்டா நாமளே செய்யலாம், கொஞ்சம் கொஞ்சமா முறுக்கி விட்டு ஸ்பிரிங்க ஆறுதலா வெளியில எடுக்கலாம். அது இல்லாம இத யாரும் கழட்டவே கூடாது. அவன் கண் தப்பினது மாரியம்மன் புண்ணியம்.

அந்தத் துவக்க பொறகு நான் என்ட மேசையில வச்சுத் திறந்தன். திறந்த உடன கருகின ஒயில் மணம், டூ ஸ்ட்ரோக் எஞ்சின்ட சைலன்சரக் கழட்டினா வருமே அந்த மணம். பிஸ்டன்ட தலையில இருக்கிற வோசர் ஒரு பக்கம் கருகி, விளிம்பு பிஞ்சி, தோசை ஓரம் மாதிரி. சிலிண்டருக்குள்ள விரல விட்டா நீளத்துக்குக் கீறல், நகம் மாட்டுது. புது ஸ்பிரிங் ரெண்டு இடத்தில உடைஞ்சு மூண்டு துண்டு. ட்ரிகர் பிடிக்கிற கொக்கிய அரத்தால ராவியிருக்கான், இழுக்க லேசா இருக்கட்டும் எண்டு. அதப் பாத்துத்தான் எனக்கு நெஞ்சு திக்கெண்டது. அந்தக் கொக்கி பிடிக்கிற இடம் ஒரு அரிசி மணி அகலம் வராது. அதில கொஞ்சம் ராவினாலும் லோட் பண்ணி நிலத்தில வச்ச உடன தன்ட பாட்டில வெடிக்கும். குழாய மடிச்சு பெலட், அதாவது சின்ன ஈயக் குண்டு வைக்கிற நேரம் வழுகினா குழாய் திருப்பி அடிக்கிற அடியில விரல் நசுங்கும். பெலட் வைக்கிற நேரம் மத்தக் கையால குழாய இறுக்கிப் பிடிக்கச் சொல்றது அதுக்குத்தான்.

பவர் கூட்டுறது எண்டா என்ன எண்டு பொடியனுகளுக்கு யாரும் வடிவா விளங்கப்படுத்தல்ல, அதுதான் பிழை. நான் பம்ப வச்சுத்தான் சொல்லுவன். ஒன்றரை இஞ்சி பம்புக்கு பெரிய எஞ்சின் கொழுவினா தண்ணி கூட வருமா? வராது. பம்புக்குள்ள கொள்ளுற தண்ணிதான் வரும், மிச்ச பலம் முழுக்க குழாய ஆட்டும், பெயரிங்க உடைக்கும். இதுவும் அப்படித்தான். பெலட்டத் தள்ளுறது ஸ்பிரிங் இல்ல, காத்து. ஸ்பிரிங் பிஸ்டனத் தள்ளும், பிஸ்டன் சிலிண்டருக்குள்ள இருக்கிற காத்த ஒரு இமைப்பொழுதில நெரிக்கும், அந்தக் காத்துதான் பெலட்டக் கொண்டு போகும். சிலிண்டர் அளவு அதேதான், காத்தும் அதேதான். ஸ்பிரிங்க மொத்தமாக்கினா கிடைக்கிறது கொஞ்சம் வேகம், கனக்க நடுக்கம். பிஸ்டன் கூடின வேகத்தில போய் காத்தில மோதித் திருப்பித் துள்ளும். அந்தத் துள்ளல்லதான் குறி போறது, ஸ்குறூ கழர்றது, மேல பூட்டின, குறி பாக்கிற ஸ்கோப் உடையிறது எல்லாம். ஸ்பிரிங் துவக்கு முதல்ல பின்னுக்கு உதைக்கும், உடன முன்னுக்கும் உதைக்கும். பெரிய துவக்குக்குச் செய்த ஸ்கோப்கூட இதில போட்டா சில நேரம் கெட்டுப் போறது இந்த முன்னுதையாலதான்.

ஒயில் விடுற கதை இன்னும் மோசம். காத்த திடீரெண்டு நெரிச்சா சூடாகும், டீசல் எஞ்சின் பிளக் இல்லாம எரியிறது அந்தச் சூட்டிலதான். சிலிண்டருக்குள்ள ஒயில் இருந்தா அதுவும் அப்படித்தான் எரியும். புகையும் சத்தமும் அதுதான். ஒவ்வொரு வெடிக்கும் எரியிற அளவு வேற, அதனால ஒரு பெலட் மேல போகும் அடுத்தது கீழ போகும், வோசர் கருகும், ஸ்பிரிங் உடையும். உள்ளுக்குப் போடுறதெண்டா அதுக்கெண்டு வாற மொலிப்டினம் கிறீஸ் இருக்கு, ஸ்பிரிங்குக்கும் பிஸ்டன்ட ஓரத்துக்கும் விரல் நுனியில தொட்டு ஒரு பூச்சு, அவ்வளவுதான். சமையல் எண்ணெய், எஞ்சின் ஒயில், தையல் மெசின் ஒயில் ஒண்டும் சிலிண்டருக்குள்ள போகக் கூடாது.

அந்தச் சத்தத்தப் பத்தி இன்னொண்டு சொல்லணும். மருமகன் முதல் நாள் வெடி வச்ச நேரம் பக்கத்து வளவில இருக்கிற அக்கா, 60 வயசுக்கு மேல, உலையில அரிசி போட்டுக்கொண்டு நிண்டவ. சத்தம் கேட்ட உடன பேரப்பிள்ள ரெண்டையும் இழுத்துக்கொண்டு கட்டிலுக்குக் கீழ போயிட்டா. பொறகு என்ட தங்கச்சி போய்க் கூப்பிட்டும் கன நேரம் வெளிய வரல்ல. நம்மட ஊர்ல 1990ஐ கண்ட ஆக்கள் இன்னும் இருக்கிறாங்க, யுத்தம் 2009ல முடிஞ்சது எண்டு கலண்டர்லதான் இருக்கு, அவங்கட காதுக்கு அது தெரியாது. 22, 23 வயசுப் பொடியனுக்கு இது விளங்காது, அவன்ட பிழையும் இல்ல. ஆனா நாம சொல்லிக் குடுக்கணும். துவக்கு மாதிரி ஒண்ட தோள்ல போட்டுக்கொண்டு பஸ் ஹோல்ட்ல நிக்கிறதும் அப்படித்தான், சாக்கில சுத்தி, லோட் இல்லாம, அனுமதிப் பத்திரத்தோட கொண்டு போகணும்.

இனி நல்ல பக்கத்தையும் சொல்றன், ஏனெண்டா துவக்க நல்லா வேலை செய்ய வைக்கிறதில எனக்கும் ஆசை இருக்கு. அது ஒரு நல்ல தொழில், கைக்கு வேலை, பொறுமைக்கு வேலை. மருமகன்ட துவக்குக்கு நான் செய்ததெல்லாம் இவ்வளவுதான். கம்பனி ஸ்பிரிங் உடையாம ஒரு டப்பாவுக்குள்ள கிடந்தது, அதையே திருப்பிப் போட்டன். ஸ்பிரிங்ட ரெண்டு நுனியும் கரடு முரடா இருந்தத தண்ணிப் பேப்பர்ல உரசி மட்டமாக்கி மினுக்கினன். சிலிண்டர்ட கீறல காத்தான்குடியில லேத் வச்சிருக்கிற நானா ஒருத்தர் உள்பக்கம் தேச்சு மட்டமாக்கித் தந்தார், சல்லி எடுக்கல்ல. புது வோசர். கொஞ்சம் கிறீஸ். ட்ரிகர் கொக்கிய ராவினத திருத்த ஏலாது, அது புதுசுதான் போடணும், வேற ஒரு பழைய துவக்கில இருந்து நல்ல கொக்கி கிடைச்சது.

பொறகு 20 மீற்றர்ல ஒரு மட்டையக் கட்டி, பின்னால மண் மூட்ட ரெண்டு அடுக்கி, 10 பெலட் வச்சுப் பாத்தன். அவன் பவர் ஏத்தி வச்சிருந்த நேரம் அடிச்ச மட்டையும் என்னட்ட இருந்தது, ஓட்டைகள் ஒரு சாப்பாட்டுக் கோப்பை அகலத்துக்குச் சிதறி. இப்ப 10ல 8 ஒரு தீப்பெட்டிக்குள்ள. முந்தி தோள்ல தட்டின தட்டு இல்ல, படீர் இல்ல, சின்னதா டொக் எண்டு ஒரு சத்தம். அடுத்த வளவு அக்காவுக்கு அண்டைக்குக் கேக்கவே இல்ல. ரியூன் பண்றது எண்டா உண்மையில இதுதான். ஒவ்வொரு வெடியும் முந்தின வெடி மாதிரியே இருக்கணும், வேகம் கூடணும் எண்டு இல்ல.

நம்பாத தம்பிமாருக்கு ஒலிம்பிக் கணக்குச் சொல்லுவன். 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டி 1984 லொஸ் ஏஞ்சல்ஸ்ல இருந்து ஒலிம்பிக்ல இருக்கு. 4.5 மில்லிமீற்றர் பெலட். நடு 10 புள்ளி வெறும் அரை மில்லிமீற்றர் பொட்டு. அந்தத் துவக்குகள்ட சக்தி சாதாரணமா ஏழு, ஏழரை ஜூல் (சக்திய அளக்கிற கணக்கு) அளவுதான், நம்மட பொடியனுகள் பவர் காணாது எண்டு கொண்டு வாற சாமான்ல கனக்க அதவிடக் கூட. இங்கிலாந்தில லைசன்ஸ் இல்லாத எயார் ரைபிளுக்கு 12 அடி இறாத்தல்தான் எல்லை, நம்ம கணக்கில 16 ஜூலுக்குக் கொஞ்சம் மேல. ஜேர்மனியில ஏழரை ஜூலுக்கு மேல போனா லைசன்ஸ். இன்னொண்டு, லேசான பெலட்டக் கூடின வேகத்தில விட்டு அது சத்தத்தின்ட வேகத்துக்குக் கிட்டப் போனா, அதாவது செக்கனுக்கு 340 மீற்றர் கிட்ட, பெலட் தடுமாறத் தொடங்கும். பெட்டியில பெரிய எழுத்தில வேகம் எழுதி விக்கிறது விக்கிறதுக்குத்தான்.

கழட்டாமலே செய்யக்கூடிய வேலைதான் பாதி. பிடியில இருக்கிற ஸ்குறூ எல்லாம் இறுக்கமா எண்டு ஒவ்வொரு தடவையும் பாருங்க, குறி போகுது எண்டு வாற துவக்கில கனக்க எனக்கு ஸ்குறூ இறுக்கினதோட முடிஞ்சிருக்கு, அதுக்கு நான் சல்லியும் வாங்கினதில்ல. குழாய் மடியிற இடத்தில ஒரு சின்ன றப்பர் வளையம் இருக்கும், அது தேஞ்சா காத்து போகும். டிசு கடதாசித் துண்டு ஒண்ட அந்த மூட்டுக்கு மேல வச்சு ஒரு வெடி வச்சுப் பாருங்க, கடதாசி பறந்தா வளையம் மாத்தணும். பெலட் வாங்கினா டின்னக் கொட்டிப் பாருங்க, பின்பக்கத்துப் பாவாடை நசுங்கினது நேராப் போகாது. ஒரே துவக்குக்கு ரெண்டு மூண்டு வகை பெலட் போட்டு எது ஒண்டா விழுது எண்டு பாருங்க, புது ஸ்பிரிங் வாங்குற காசில இது பாதியும் இல்ல. பெலட் இல்லாம வெறுமனே அடிக்காதீங்க, முன்னுக்கு காத்தத் தடுக்க பெலட் இல்லாம பிஸ்டன் இரும்பில போய் அடிக்கும். பிடிக்கிற நேரம் இறுக்கிப் பிடிக்காதீங்க, முன் கைய விரிச்சு அதில துவக்கு சும்மா படுத்திருக்கிற மாதிரி வைங்க, அது உதைக்கிற மாதிரி உதைக்கட்டும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உதைக்கும். கடல் காத்துப் படுற எழுவான்கரையில வெளிப்பக்கம் துருப் பிடிக்கும், மாரிக்குச் சொல்லவே வேணாம், ஒயில் தொட்ட துணியால வெளிய மட்டும் துடைங்க.

காவல் வாடியில பாக்கிற இன்னொரு பழக்கம். இரவு முழுக்க லோட் பண்ணி சுவரில சாத்தி வைக்கிறது. ஸ்பிரிங் அமந்தே கிடந்து தளரும். அதவிட, விடியக்காலமை சாப்பாடு கொண்டு வாற புள்ள கை வச்சா என்ன நடக்கும்? பெலட் சில நூறு மீற்றர் தூரம் போகும், ஒரு கண்ணக் கெடுக்க அதுட வேகத்தில பாதியும் தேவையில்ல. வயல்ல தண்ணி நிக்கிற நேரம் தாழ அடிச்சா தண்ணியில பட்டுத் தெறிச்சு வரம்பில போற ஆள்ல படும். குரங்க வெருட்டத்தான் சாமான், ஒரு குரங்குக்கு கண் போய் மரத்துக்குக் கீழ இருந்து முனகினத நான் பாத்திருக்கன், அது சாகவும் இல்ல, கூட்டத்தோட போகவும் இல்ல, ஒரு நாள் முழுக்க இருந்தது. அதோட தாய் குரங்கு ஒண்டு இறங்கி இறங்கி ஏறினது. அதக் கண்ட பொறகு மச்சான் தகரத்தில அடிக்கிறதோட நிப்பாட்டிட்டார்.

பிசிபி எண்டு இப்ப சிலர் கதைக்கிறாங்க, டாங்கியில காத்து அடைக்கிற சாமான். அதுக்குள்ள அழுத்தம் 200 பார், அதாவது கிட்டத்தட்ட 2900 பிஎஸ்ஐ. லொறி டயருக்கே 100 சொச்சம்தான் அடிப்போம், அது வெடிச்சா என்ன ஆகும் எண்டு டயர் கடைக்காரங்களுக்குத் தெரியும். அந்த டாங்கிய வெல்டிங் கடையில செய்யலாமா எண்டு ஒரு தம்பி வந்து கேட்டான். கையெடுத்துக் கும்பிட்டு வேணாம் எண்டு அனுப்பினன். அவன் வேற பட்டறைக்குப் போயிரக்கூடாது எண்டுதான் அவன்ட அப்பாவுக்கும் சொல்லிட்டன்.

உங்கட பத்திரிகை மூலமா அதிகாரிமாரட்ட நான் கேக்கிறது பெரிசா ஒண்டும் இல்ல. அனுமதி குடுக்கிற நேரம் கமநல சேவை நிலையத்தில வச்சு ஒரு அரை நாள் வகுப்பு வைங்க, தமிழ்ல, துவக்கயே மேசையில வச்சு. எப்பிடிப் பிடிக்கிறது, எப்பிடித் துடைக்கிறது, எது கழட்டலாம், எது கழட்டக்கூடாது. தொழிற்பயிற்சி நிலையங்கள்ல மோட்டார் சைக்கிளும் பம்பும் படிக்கிற பொடியனுகளுக்கு இதையும் ஒரு பாடமாச் சொல்லிக் குடுத்தா ஊருக்கு ரெண்டு பேராவது ஒழுங்கா சேர்விஸ் பண்ணத் தெரிஞ்சவன் வருவான். பவர் ஸ்பிரிங் எண்டு விக்கிற கடைக்காரங்களும் கொஞ்சம் யோசிக்கணும், கம்பனி அளவு ஸ்பிரிங், வோசர், றப்பர் வளையம் வச்சு வித்தாலே யாவாரம் நடக்கும், இப்ப அது கேட்டா இல்ல எண்டு சொல்றாங்க. பிறகு, 10 மீற்றர் எண்டா நம்மட எந்தப் பாடசாலை மண்டபத்துக்குள்ளயும் அடங்கும். சுட ஆசைப்படுற பொடியனுகளுக்கு ஒழுங்கா பாத்துக்கொள்ள ஆளோட ஒரு இடம் இருந்தா, அவன் ஏன் விறாந்தையில ஒயில் விட்டு வெடி வைக்கப் போறான்? குறி பாக்கிற கண் நம்மட பிள்ளைகளுக்கும் இருக்கு.

மருமகன் இப்ப கஞ்சிதான் குடிக்கிறான், கதைச்சா காத்துப் போகுது எண்டு கதைக்கிறதும் குறைவு. போன ஞாயிறு பட்டறைக்கு வந்து ஒரு மூலையில இருந்து பாத்துக்கொண்டு இருந்தான், பொறகு மாமா அந்தக் கிளாம்ப எனக்கும் செய்யக் காட்டித் தாங்க எண்டான். ரெண்டு பேரும் இருந்து வேம்புப் பலகையில ஒண்டு அடிச்சம். அது இப்ப பட்டறைச் சுவர்லதான் தொங்குது. அனுமதிப் பத்திரத்தோட துவக்குக் கொண்டு வாற யாரும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வந்து பாவிக்கலாம், காசு வேணாம். பழைய ஸ்பிரிங்க மட்டும் எறியாம கொண்டு வாங்க.

இப்படிக்கு,
பம்ப் திருத்துனர் ஒருவர்,
களுவாஞ்சிக்குடி.